யாரும் எதிரே வராத ரோடு

விகாரி வருஷம், ஐப்பசி
நாகலாபுரம் பக்கம்

என் பெல்லுக்காரருக்கு,

இதைத் தபாலில் போட முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். நான் படித்தது மூன்றாவது வரைக்கும். எழுத்து கோணிக்கொண்டு போனால் இனிமேல் நீங்கள் சிரிக்கப் போவதில்லை.

இங்கே நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் உடம்பை எப்படி விசாரிப்பது என்று தெரியவில்லை, அதனால் அதை விட்டுவிட்டேன்.

காய்ச்சலில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "அம்பரத்துக்கு எழுதாதே. வந்துடுவான். ஒரு தபா வந்துட்டான்னா திரும்பிப் போவமாட்டான்." நான் எழுதவில்லை. புதுச்சேரியில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த என் தம்பியை, ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார வாத்தியார் பிரான்சு தேசத்துக்கு அழைத்துப் போய் ஒரு சைக்கிள் கடையில் சேர்த்துவிட்டார். வரும் ஆவணி வரைக்கும் ஒழுங்காக இருந்தால் வேலையை நிரந்தரம் ஆக்குகிறேன் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறாராம். அவன் தாயில்லாமல் என் கையில் வளர்ந்த பிள்ளை. அக்காளுக்குத் தாலி போயிற்று என்று கேட்டால் அடுத்த கப்பலில் ஏறிவிடுவான். ஆவணி வரைக்கும் நான் வாயைத் திறக்கமாட்டேன்.

உங்கள் தம்பி முனிசாமிதான் கேட்கமாட்டேன் என்கிறார். விடியற்காலையில் அவருக்குக் கரும்பு வண்டி கட்ட வேண்டும், நம் பூவைப் பார்க்க ஆள் இல்லை. சாமந்தியும் வாசனை மருவும் முதல் பஸ்ஸில் ஏறாவிட்டால் திருப்பதியில் வரதராஜன் கடைக்காரர் வேறு தோட்டத்துக்குப் போய்விடுவார். கூடையைத் தலையில் வைத்து நடந்து பார்த்தேன். நான் போய்ச் சேருவதற்குள் பஸ் போய்விட்டது. "பூ நின்னுபோச்சுன்னா உன் தம்பிக்கு நானே எழுதிப் போட்டுடுவேன், அண்ணி. ஆம்பிளை இல்லாம எத்தினி நாளு?" என்கிறார். கெட்ட எண்ணம் இல்லை. அவருக்குப் பயம்.

நடந்து போனதில் இன்னொன்றும் நடந்தது. கீழ்த்தெரு பொன்னியம்மா, தன் மகளுக்கு வளையல் வாங்க அவளையும் அழைத்துக்கொண்டு எதிரே வந்தாள். என்னைப் பார்த்ததும் எதையோ மறந்தவள் மாதிரி நெற்றியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கே திரும்பிவிட்டாள். அந்தப் பெண் மட்டும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

அதனால் நீங்கள் போகிற ஏரிக்கரை ரோட்டில் போகலாம் என்று இருக்கிறேன். சுற்றுதான், ஆனால் யாரும் எதிரே வருவதில்லை. நடந்தால் ஆகாது. உங்கள் சைக்கிளில் ஆகும். முனிசாமி பெண்டாட்டி தாட்சாயணி, புருஷனுக்குத் தெரியாமல், பின்னால் பிடித்துக்கொள்கிறேன் என்கிறாள். அவளுக்கும் ஓட்டத் தெரியாது.

திரும்பி வரும்போது மதகுத் திருப்பத்தில் பெல் அடிப்பீர்கள். அது காதில் விழுந்த பிறகுதான் உலையில் அரிசி போடுவேன். இப்போது அந்தப் பெல்லின் மேல் துணி சுற்றிவிட்டேன். நான் வருவதை யாருக்கும் சொல்ல வேண்டாம்.

உங்கள்
ரத்தினம்

*

கார்த்திகை
ஒர்லெயான் பக்கத்துச் சிற்றூர், பிரான்சு

என் அக்காவுக்கும் மாமாவுக்கும் அம்பரம் வணக்கம் சொல்லி எழுதுவது.

நான் திடமாக இருக்கிறேன். காது நுனி மட்டும் குளிரில் சிவந்துவிட்டது. நீங்கள் இருவரும் திடமாக இருக்கிறீர்களா? மழை எப்படி? மருவுக்கு நீர் நின்று வேர் அழுகாமல் இருக்கிறதா?

ஞாயிற்றுக்கிழமைகளில் கடை கிடையாது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். இந்த ஊர் ரோட்டுப் படத்தில் பெரிய ரோடு சிவப்புக் கோடு. மோட்டார் எல்லாம் அதில்தான். யாரும் போகாத ரோட்டுக்கு வெறும் வெள்ளைக் கோடு. நான் வெள்ளைக் கோடாகப் பார்த்துப் பொறுக்கிப் போவேன். இரண்டு பக்கமும் உயரமாக இலை உதிர்ந்த மரம். நடுவில் நான். சக்கரம் உருளுகிற சத்தம் மட்டும் கேட்கும். ஒரு நாய் குரைத்தால் அடுத்த ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். மாமாவுக்குப் பின்னால் நான் கேரியரில் உட்கார்ந்து ஏரிக்கரையில் போன ஞாபகம் வந்துவிடும். அந்தக் கரைக்கும் யாராவது வெள்ளைக் கோடு போட்டிருப்பார்களா?

உன் கடிதத்தின் அடியில் மாமா எப்போதும் இரண்டு வரி கிறுக்குவாரே, இந்தத் தடவை ஏன் இல்லை? கடல் தாண்டினவனோடு பேச்சு இல்லையா?

உன் தம்பி
அம்பரம்

*

கார்த்திகைக் கடைசி

என் அம்பரத்துக்கு அக்காள் ஆசீர்வாதம்.

இங்கே எல்லாரும் இருக்கிறபடி இருக்கிறோம். காதுக்கு நல்லெண்ணெய் வை. அங்கே கிடைக்காவிட்டால் கிடைக்கிற எண்ணெயை வை.

மாமாவுக்குக் கை சுளுக்கு. அதனால்தான் எழுதவில்லை. பூ தவறாமல் பஸ்ஸுக்குப் போகிறது.

சைக்கிள் பற்றி உன்னிடம் கேட்கச் சொன்னார். துணி சங்கிலியில் போய் மாட்டிக்கொள்கிறது. அது மாட்டாமல் இருக்க என்ன செய்வது? கால் பெடலுக்கு எட்டமாட்டேன் என்கிறது. சீட்டை இறக்கினால் வண்டிக்கு ஏதாவது கெடுதல் உண்டா? முன்பாரத்தோடு மதகு இறக்கத்தில் போகும்போது வண்டி தானாகவே ஓடுகிறது. அப்போது எந்த பிரேக்கை முதலில் பிடிப்பது?

தாட்சாயணி உன்னைக் கேட்டாள். முழங்கையில் சிராய்ப்பு, மஞ்சள் வைத்திருக்கிறாள். எதனால் என்று கேட்காதே, சிரிப்பாள்.

அக்காள்
ரத்தினம்மா

*

மார்கழி

அக்காவுக்கும் மாமாவுக்கும்,

நான் நலந்தான். உங்கள் கடிதம் வந்த அன்று இங்கே புல் மேல் உப்புத் தூவின மாதிரி பனி. அக்கா, மாமாவின் சுளுக்கு இன்னும் விடவில்லையா? நாகலாபுரத்தில் யாரிடமாவது உருவிவிடச் சொல்.

மாமாவின் கேள்விகளைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். எனக்கு சைக்கிள் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். வேட்டியைத் தொடைக்கு மேல் ஏற்றிக் கட்டாமல் அவர் எப்போது ஏறினார்? சீட்டை அவர் காலுக்காக உச்சத்தில் வைத்து முடுக்கியது நான்தான். பனைமரம் மாதிரி ஆள், இப்போது எப்படிக் குட்டையானார்? இருந்தாலும் சொல்கிறேன். இறக்கத்தில் பின் பிரேக்கை முதலில் மெதுவாகப் பிடிக்கச் சொல். முன்னால் பிடித்தால் கூடையோடு குப்புற விழ வேண்டியதுதான். சீட்டை இறக்கினால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது.

இதோடு என் போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன். வாய்க்கால் ஓர ரோடு. கண்ணுக்கெட்டின தூரம் ஒரு ஜீவன் இல்லை, பார். இந்த ரோட்டில் ஒரு வழக்கம். எப்போதாவது யாராவது எதிரே வந்தால், முன்பின் தெரியாதவராக இருந்தாலும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் கடப்பார்கள். முதல் நாள் எனக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

அம்பரம்

*

தை

என் அம்பரத்துக்கு,

பொங்கல் ஆயிற்று. இந்த வருஷம் சின்னதாகத்தான் வைத்தோம். உனக்கு அங்கே அரிசியாவது கிடைத்ததா? இளைத்திருக்கிறாய். போட்டோவில் கழுத்து எலும்பு தெரிகிறது.

மாமாவுக்கு வயசாகிறது இல்லையா, அதனால்தான் கால் எட்டவில்லை. ஆனாலும் சீட்டை இறக்க மனசு வரவில்லை. அப்படியே நுனிக்காலில் மிதித்துப் போகிறபடி பழகியாயிற்று. மைல் கல் மேல் ஏறி நின்று உட்கார்ந்தால் சுலபம். சூரியன் வருவதற்குள் ஏரித் தண்ணீர் பால் மாதிரி இருக்கும். கொக்கு கூட அசையாது. மூச்சு வாங்கும், ஆனால் அது அழுகிற மூச்சு மாதிரி இல்லை, வேறே. மாமா சொன்னார்.

ஊரில் ஒரே பேச்சு. சத்தியவேடு, நாகலாபுரம் எல்லாம் ஆந்திராவுக்கு, திருத்தணி மெட்ராஸுக்கு என்று முடிவாகிவிட்டதாம். "உக்காந்த எடத்திலேயே சித்தூர் ஜில்லா போவப்போறோம், டிக்கெட்டுகூட வாங்க வேணாம்" என்று முனிசாமி சிரிக்கிறார். பிறகு, பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் போடுவது என்று தலையில் கை வைத்துக்கொள்கிறார். மேலண்டைக் காட்டில் எல்லைக் கோடு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு கேட்கிறேன். கண்ணுக்கெட்டின தூரம் ஒரு ஜீவன் இல்லை என்று எழுதியிருக்கிறாயே, அப்போது அந்தப் போட்டோவைப் பிடித்தது யார்?

இன்னொன்று. எதிரே வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்வார்கள் என்றாய். புருஷன் இல்லாதவள் விடியற்காலையில் எதிரே வந்தாலும் சொல்வார்களா? சும்மாதான் கேட்டேன்.

அக்காள்

*

பங்குனி

என் பெல்லுக்காரருக்கு,

நான் இருக்கிறேன். தோட்டமும் இருக்கிறது.

அம்பரத்திடமிருந்து கடுதாசி இல்லை. மாசி போயிற்று, பங்குனியும் போகப் போகிறது. இப்போது நாம் ஆந்திரா. ஆபீஸ் பலகையில் தெலுங்கு எழுதுகிறார்கள். "செங்கல்பட்டு ஜில்லான்னு விலாசம் போட்டிருப்பான், அண்ணி. கடுதாசி அந்தாண்ட சுத்திக்கினு கெடக்கும்" என்று முனிசாமி தேற்றுகிறார். அவர் இப்போது பூவைப் பற்றிப் பேசுவதில்லை. நான் ஓட்டுவதை வண்டியில் இருந்தபடி ஒரு நாள் பார்த்துவிட்டார். மறுநாள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தது. நான் போடவில்லை, தாட்சாயணியும் போடவில்லை.

எனக்குப் பயம் தபாலைப் பற்றி இல்லை. நான் போன கடுதாசியில் ஒன்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. எந்தச் சுமங்கலி அப்படிக் கேட்பாள்? அவன் இப்போது கப்பலில் இருந்தால் நான் உங்களுக்கு என்ன பதில் சொல்வேன்? பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் இறங்குகிறவர்கள் முகத்தைப் பார்க்கிறேன். அவன் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கூடையை ஏற்றுகிறேன்.

ரத்தினம்

*

சார்வரி வருஷம், சித்திரை

அக்கா,

நான் சுகம். நீ சுகமா என்று இந்தத் தடவை கேட்கும்போது, மெய்யாகவே கேட்கிறேன்.

உன் கடிதம் வந்து நாளாயிற்று. பதில் எழுத உட்கார்ந்தால் வரவில்லை. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மர்செய் துறைமுகம் வரைக்கும் ரயிலில் போனேன். கப்பல் ஆபீஸ் வாசலில் வரிசையில் நின்றுகொண்டு உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். நுனிக்காலில் மிதிப்பது, கொக்கு அசையாதது, மூச்சு, எல்லாம் படித்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் நகர்ந்தார், நான் நகரவில்லை. பிறகு வரிசையை விட்டு வந்துவிட்டேன். ஏன் போனேன் என்று கேட்காதே. ஏன் திரும்பினேன் என்று உனக்கே தெரியும். இங்கே திரும்பி வந்ததும் கடைக்காரர் முறைத்தார், பிறகு ஒரு சக்கரத்தைக் கையில் கொடுத்து, கம்பி கோணியிருக்கிறது நிமிர்த்து என்றார்.

இதோடு ஒரு பார்சல் வரும். மாமாவின் வண்டிக்கு. பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் கட்டுகிற நூல் வலை. இங்கே பாவாடை கட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் போடுவது. மட்கார்டு ஓரத்தில் சின்னச் சின்னத் துளை போட்டு, நடு அச்சு வரைக்கும் விசிறி மாதிரி இழுத்துக் கட்டச் சொல். துணி உள்ளே போகாது.

சீட்டை முழுக்க இறக்கிவிடு அக்கா. மாமா கோபித்துக்கொள்ளமாட்டார்.

நீ கேட்டதற்குப் பதில்: சொல்வார்கள். யாராக இருந்தாலும் சொல்வார்கள். இங்கே கறுப்பு உடுத்திய ஒரு அம்மாள் தினமும் காலையில் பாலுக்குப் போவாள். இந்த ஊரில் கறுப்பு என்றால் நம் ஊர் வெள்ளைப் புடவை மாதிரி என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது. நான் ஒவ்வொரு நாளும் அவளுக்குச் சொல்கிறேன். உனக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

மாமாவைப் பற்றி ஒன்று ஞாபகம் வந்தது. மதகுத் திருப்பத்தில் வரும்போது மட்டும் இல்லை, போகும்போதும் பெல் அடிப்பார். "யாருமே இல்லியே மாமா" என்று கேட்டால், "உனக்கு இன்னாடா தெரியும்" என்று சிரிப்பார். உனக்குத் தெரியுமா அது யாருக்கு என்று?

விலாசத்தில் ஆந்திரா என்று போட்டிருக்கிறேன். பேப்பரில் பார்த்தேன்.

அம்பரம்

*

வைகாசி

என் ராசா அம்பரத்துக்கு,

கடுதாசியும் பார்சலும் ஒரே நாள் வந்தது. படித்துவிட்டுப் பூப்பறிக்காமல் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன். தாட்சாயணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நீ வராமல் போனதுக்கு நான் உனக்குக் கும்பிடு போட வேண்டும். அக்காள் தம்பிக்குக் கும்பிடு போடக்கூடாது, அதனால் நன்றாக இரு என்று சொல்கிறேன்.

புரட்டாசியில் காய்ச்சல். ஆறு ஏழு நாள்தான். அதிகம் கஷ்டப்படவில்லை. உனக்குச் சொல்லாதே என்றது அவர்தான். அவர் பேச்சை நான் என்றைக்குத் தட்டினேன்? இவ்வளவு போதும், மற்றது நீ எப்போதாவது மெதுவாக வரும்போது.

சீட்டை இறக்கியாயிற்று. நாகலாபுரம் சைக்கிள் கடைக்காரன் வலையைக் கட்டிவிட்டு, "இது எந்த ஊர் ஃபேஷன்மா" என்று கேட்டான். பிரான்சு என்றேன். சித்தூர் ஜில்லாவில் இந்த வலை போட்ட வண்டி இது ஒன்றுதானாம். இப்போது இரண்டு பாதமும் முழுசாகப் பெடலில் படிகிறது. இறக்கினது ஒரு சாண் இருக்கும். அதைப் பார்க்க முதல் நாள் என்னவோ போல் இருந்தது, பிறகு பழகிவிட்டது.

அம்பரம், அந்த வலை புதுசு இல்லை. ஓரத்தில் ஒரு இடம் அறுந்து நீல நூலால் முடிச்சுப் போட்டிருக்கிறது. அது பொம்பளைக் கை போட்ட முடிச்சு. அவள் தன் வண்டியிலிருந்து கழற்றி எனக்குக் கொடுத்துவிட்டு இப்போது எப்படி ஓட்டுகிறாள்? போட்டோ எடுத்தது யார் என்று நான் தையில் கேட்டதற்கும் பதில் இல்லை. உன் மாமா இருந்தால் கேட்கமாட்டார். நான் கேட்கிறேன். பெயர் என்ன?

அக்காள்

*

ஆடி

அக்காவுக்கு,

உன் தம்பி நலமாக இருக்கிறேன், வசமாக மாட்டிக்கொண்டும் இருக்கிறேன்.

பெயர் சொலாஞ்ச். கடைக்காரரின் தங்கை மகள். ரொட்டிக்கடையில் வேலை. எனக்கு முன்னால்தான் ஓட்டுவாள், மேட்டில் கூட எனக்காக நிற்கமாட்டாள். மாமாவைப் பற்றி நான் சொன்ன அன்று வெளியே போய் வலையைக் கழற்றிக்கொண்டு வந்தாள். இப்போது பாவாடையை ஒரு துணிக் கிளிப்பால் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறாள். உனக்குப் பயந்துதான் இத்தனை நாள் சொல்லவில்லை. வேற்று ஜாதி என்று எழுதக்கூட முடியாது, வேற்று தேசம். நீ ஒரு வார்த்தை சொன்னால்தான் மேலே பேசுவேன்.

கடைக்காரர் ஆவணிக்குக் காத்திருக்கவில்லை. வேலையை இப்போதே நிரந்தரம் ஆக்கிவிட்டார். மர்செயிலிருந்து திரும்பி வந்தவன் இனி எங்கேயும் போகமாட்டான் என்றாராம்.

மாமாவின் படம் ஏதாவது இருந்தால் அனுப்பு. என்னிடம் ஒன்று கூட இல்லை.

அம்பரம்

*

ஆவணி

என் பெல்லுக்காரருக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இது சும்மா சொல்வதில்லை.

நீங்கள் விரும்பினபடியே, ஆவணி வந்தது, அம்பரம் வரவில்லை. வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. அவன் ஒரு பெண்ணையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். பெயர் என் வாயில் நுழையவில்லை, சுலோசனா என்று வைத்துக்கொண்டேன். "கட்டிக்கொள், மேட்டில் அவளுக்கு முன்னால் போகப் பார்க்காதே" என்று எழுதிப் போட்டுவிட்டேன். முனிசாமி இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார். மூன்றாம் நாள், "அந்தப் பொண்ணு சோறு துன்னுமா, ரொட்டிதான் துன்னுமா அண்ணி?" என்று கேட்டார். அப்போதே சரி என்று அர்த்தம். உங்கள் ஒரே படத்தை அனுப்பிவிட்டேன். எனக்கு வேண்டியதில்லை.

போன வாரம் ஏரிக்கரையில் முதல் தடவையாக ஒரு ஆள் எதிரே வந்தது. மதகுத் திருப்பத்தில் நான் திரும்ப, எதிரே பொன்னியம்மா மகள். கல்யாணம் ஆகி முதல் ஆடிக்கு வந்தவள், மறுபடி புருஷன் வீட்டுக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னால் கோவிலில் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். தலை நிறையப் பூ. நான் பிரேக் பிடித்துக் காலை ஊன்றி முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டேன், அவள் பார்க்காமல் போகட்டும் என்று. அவள் போகவில்லை.

"இன்னாக்கா, சத்தமே இல்லாம வர்றே. குலையே நடுங்கிப்போச்சு எனக்கு. அந்த பெல்லு இன்னாத்துக்கு வச்சிக்கினு கீறே?" என்றாள்.

"நான் வர்றது யாருக்கும் தெரிய வேணாம்னுதான்."

"தெரிஞ்சா இன்னா? ஒதுங்கி நிப்பேன், ஒரு வார்த்தை பேசுவேன், போவேன்" என்று சொல்லிவிட்டு, அவளே குனிந்து அந்தத் துணியை அவிழ்த்து என் கூடையில் போட்டாள். கூடையிலிருந்து ஒரு சாமந்தியை எடுத்து என்னைக் கேட்காமலே செருகிக்கொண்டு போய்விட்டாள். மேட்டில் ஏறி, அங்கிருந்து கையையும் காட்டினாள்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது மதகுத் திருப்பத்தில் பெல் அடித்தேன். வீட்டுக்கு வந்தால் தாட்சாயணி உலையில் அரிசியைப் போட்டுவிட்டு அடுப்புப் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் மாமா என்று நினைத்துவிட்டேன் அக்கா என்றாள்.

மறுநாள் விடியற்காலையில் போகும்போதும் என் கட்டைவிரல் அதே இடத்தில் தானாகவே அடித்துவிட்டது. கரையில் யாரும் இல்லை. கொக்கு கூட இல்லை. அப்போதுதான் அம்பரம் எழுதினது ஞாபகம் வந்தது, நீங்கள் போகும்போதும் அடிப்பீர்கள் என்று. நான் இறங்கி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். முதல் பஸ் போயிருக்கும் என்று நினைத்தேன். அன்றைக்கு அதுவும் லேட்.

வரும்போது அடித்தது எனக்கு. அது எனக்குத் தெரியும். நீங்கள் போகிற வேளையில் நான் கிணற்றடியில் கமலை இறைக்கிற சத்தத்தில் இருப்பேன், எனக்கு ஒன்றும் கேட்காது. அது உங்களுக்கும் தெரியும். கேட்காது என்று தெரிந்தும், இந்தக் கடுதாசி போய்ச் சேராது என்று தெரிந்தும் நான் எழுதுகிற மாதிரி, யாரும் இல்லாத அந்தத் திருப்பத்தில், தினமும் யாருக்காக அடித்தீர்கள்?